ஆறு பட்டாணியும் ஏழு பட்டாணியும்

12.8.94

அசன் முகம்மது இன்று எட்டுப் புறாக்களைக் கொண்டுவந்து இறக்கினார். பேட்டையில் தகரப் பட்டறை வைத்திருக்கிறார், பட்டறை மாடியில் புறா வளர்க்கிறார். என் சோதனைப் பெட்டியும் அவர் செய்து கொடுத்ததுதான். நான் கேட்டது ஆறு. "ரெண்டு கூட இருக்கட்டும் டீச்சர். என் புறாவுக்குக் கணக்கு வருமான்னு எனக்குத் தெரியாது. வீட்டுக்குத் திரும்பி வர நல்லாத் தெரியும். சன்னலச் சாத்தியே வையுங்க" என்றார்.

விலங்கியல் துறையில் ஒரே சிரிப்பு. பிருந்தா புறாவுக்குப் பள்ளிக்கூடம் வைக்கப்போகிறாளாம். சிரிக்கட்டும். கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே முப்பத்துநாலு வயதில் ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் பதிந்தவள் நான், சிரிப்பெல்லாம் பழகிவிட்டது. என் வழிகாட்டி ஞானசம்பந்தன் சார் மூன்று வருடமாகக் கெண்டை மீனை எடு, கெண்டை மீனை எடு என்கிறார். தாமிரபரணிக் கெண்டையின் குடலை இன்னும் எத்தனை பேர்தான் அறுப்பது? மாட்டேன் என்றேன். இன்றும் மாட்டேன்தான்.

20.8.94

பெட்டி வேலை செய்கிறது. எனக்கே ஒருமுறை எழுதிவைத்துக்கொள்கிறேன்.

புறா ஒரு பக்கம், நாம் மறைப்புப் பலகைக்கு இந்தப் பக்கம். கண்ணாடிக் குழாய் வழியாகக் காய்ந்த பட்டாணியை ஒவ்வொன்றாகப் போடவேண்டும். புறாவுக்கு முன்னால் கண்ணாடிக்குப் பின்னே அது டொக் டொக் என்று தகரத் தட்டில் விழும். பார்க்கலாம், எடுக்க முடியாது. ஒரு தடவைக்கு இரண்டு போடுவோம் அல்லது ஆறு போடுவோம். பிறகு இரண்டு விளக்குகள் எரியும். இரண்டு விழுந்திருந்தால் சிவப்பைக் கொத்தவேண்டும், ஆறு என்றால் பச்சையை. சிவப்பு என்றால் 'குறைவு', பச்சை என்றால் 'நிறைய'. சரியாகக் கொத்தினால் சோளம். தவறினால் விளக்கு அணையும், ஒன்றும் கிடையாது.

இது பழகியபின்தான் என் கேள்வியே ஆரம்பம். பட்டாணி விழுந்ததற்கும் விளக்கு எரிவதற்கும் நடுவில் ஐந்து விநாடி, பத்து விநாடி காக்கவைத்தால் எத்தனை விழுந்தது என்பது அதன் மண்டையில் என்ன ஆகிறது?

பட்டாணி போட இசக்கியைச் சேர்த்துக்கொண்டேன். துறையில் தினக்கூலிக்கு உதவியாளர். அவளுக்கு வேறு வேலை இருக்கும் நாட்களில் நானே போட்டு நானே எழுதுவேன். பதிவேட்டில் 'போட்டவர்' என்று ஒரு கட்டம். இ அல்லது பி.

3.9.94

மூன்றாம் எண் புறா இன்று என் விரலைக் கொத்தியது. குறைவு என்று சொன்னதா நிறைய என்று சொன்னதா, தெரியவில்லை.

18.10.94

கற்றுக்கொண்டன! ஆறும் கற்றுக்கொண்டன. நாற்பது தடவையில் முப்பத்தைந்துக்குக் குறையாமல் சரி. ஐந்தாம் எண் முப்பத்தெட்டு.

சாரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். செய்தித்தாளை மடிக்காமலே, "சோளத்துக்காக என்ன வேணா செய்யும்மா அது" என்றார். சார், சம்பளத்துக்காக நாமும்தானே வருகிறோம் என்று வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

14.11.94

மழை. கூரையிலிருந்து நான்கு இடத்தில் ஒழுகுகிறது, புறாக்களின் மேல் சாக்கு விரித்தோம். ஆனால் இன்றைக்கு எனக்கு மழை ஒரு பொருட்டில்லை.

பத்து விநாடி காக்கவைக்கிறோம். மறந்துபோனால் என்ன ஆகவேண்டும்? இரண்டு போட்டாலும் தவறவேண்டும், ஆறு போட்டாலும் தவறவேண்டும், சரிபாதி. அப்படி நடக்கவில்லை! இரண்டு போட்டுக் காக்கவைத்தால் 'குறைவு' என்று சரியாகச் சொல்கின்றன. ஆறு போட்டுக் காக்கவைத்தால் அதற்கும் 'குறைவு' என்கின்றன. பிழை முழுவதும் ஒரே பக்கம். காத்திருக்கக் காத்திருக்க ஆறு சிறுத்துக்கொண்டே போகிறது. மறதி என்றால் அழிவது என்றுதானே நினைத்தோம், இது சுருங்குகிறது.

வெளிநாட்டுக் கட்டுரை ஒன்றில் கிட்டத்தட்ட இதே போல் உண்டு. அதில் புறா தானே கொத்திய கொத்துகளின் கணக்கு. கண்ணெதிரே விழும் பட்டாணியை வைத்து நான் பார்த்தவரை யாரும் செய்யவில்லை.

16.11.94

சாரிடம் அட்டவணையைக் காட்டினேன். பென்சிலை எடுத்து, பத்து விநாடி வரிசை மேல் ஒரு கோடு. "இந்தத் தப்பெல்லாம் அடிச்சுட்டு சுத்தமா ஒண்ணு எழுதிக் கொண்டா."

"அடிக்க மாட்டேன் சார். தப்புதான் சார் முக்கியம்."

"சிவப்பு வெளக்கு அதுக்குப் பிடிச்சிருக்கும்மா. சந்தேகம் வந்தா பிடிச்சதக் கொத்துது. இதுக்குப் போயி மண்டையப் போட்டு ஒடைக்க."

எரிச்சலாக இருந்தது. அறைக்கு வந்து உட்கார்ந்தபின் யோசித்தேன். சார் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அதற்கும் வழி இருக்கிறது. வேறு ஆறு புறாக்களுக்கு விளக்கை மாற்றிப் பழக்கவேண்டும். சிவப்பு 'நிறைய', பச்சை 'குறைவு'. காக்கவைத்தபின் அவை சிவப்பையே கொத்தினால் சார் ஜெயித்தார். பச்சையைக் கொத்தினால் நான்.

ஜூனில் ஆராய்ச்சிக் குழு கூடுகிறது. என் தலைப்பு நிற்குமா விழுமா என்று அன்றைக்குத் தெரியும். விழுந்தால் பதிவு ரத்து, நாலு வருடம் போச்சு. கெண்டை மீன்.

23.1.95

சார் பதிவேட்டை வாங்கிப் பார்த்தார், முதன்முறையாக. ஆர்வத்தில் என்று நினைத்து மகிழ்ந்துபோனேன். அரைமணி நேரம் கழித்துக் கூப்பிட்டார்.

"இ போட்ட நாளும் பி போட்ட நாளும் ஒண்ணா இல்லையே. கவனிச்சியா?"

கவனிக்கவில்லை. அதுதான் உண்மை. கூட்டிப் பார்த்தால் பளிச்சென்று தெரிகிறது. இசக்கி போட்ட நாட்களில் காத்திருப்பு இல்லாதபோது எல்லாம் சரி. நான் போட்ட நாட்களில் காக்கவைக்காமலே 'குறைவு' சொல்லவேண்டிய இடத்தில் தடுமாறுகின்றன. பத்து விநாடிச் சுருக்கம் இசக்கி நாளில் அதிகம், என் நாளில் கொஞ்சம்.

"ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு எண்ணத் தெரியல. அஞ்சாங்கிளாஸ் படிச்சவளக் கொண்டுபோய் உக்காத்தி வச்சா இப்படித்தான்" என்றார் சார்.

அவளாக இருக்காது சார் என்று நான் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

24.1.95

இன்று நடந்ததை ஒன்றும் விடாமல் எழுதவேண்டும். எழுதாவிட்டால் நாளைக்கே எனக்குச் சாதகமாக மாற்றிக்கொள்வேன்.

காலையில் இசக்கியைக் கூப்பிட்டேன். புறா இல்லாமல் வெறும் பெட்டி. நான் ஆறு என்றால் ஆறு போடு, ரெண்டு என்றால் ரெண்டு, தட்டில் விழுந்ததை நான் எண்ணுவேன் என்றேன். முகத்தை வைத்தே புரிந்துகொண்டாள். பட்டாணிக் கிண்ணத்தை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இருபது தடவை. ஒவ்வொரு தடவையும் தட்டை எடுத்து எண்ணினேன். ஆறு, ஆறு, ரெண்டு, ஆறு. ஒன்றுகூடப் பிசகவில்லை.

"நான் பீடி சுத்துன கை டீச்சர். கட்டுக்கு இருவத்தஞ்சு. ஒண்ணு கொறஞ்சா கடைக்காரன் கட்டையே கழிச்சிருவான். பதினேழு வருசம் சுத்திருக்கேன்" என்றாள். பிறகு எழுந்து, "இப்ப நீங்க போடுங்க. நான் எண்ணுதேன்" என்றாள்.

சிரிப்பு வந்தது எனக்கு. சரி என்று உட்கார்ந்தேன். ஆறு போட்டேன். அவள் தட்டை எடுத்தாள், பட்டாணியை விரலால் நகர்த்தினாள், தட்டை என் பக்கம் நீட்டினாள்.

ஏழு.

கை தவறியிருக்கும் என்றேன். மறுபடியும் போட்டேன். ஏழு. ரெண்டு போட்டேன், மூன்று. ஆறு, ஏழு. இருபது தடவையும் ஒன்று கூடுதல். முதுகலை படித்தவள், பன்னிரண்டு வருடமாகக் கல்லூரியில் பாடம் நடத்துகிறவள், ஆறு பட்டாணி போடத் தெரியவில்லை.

"வாய்க்குள்ள என்னமோ சொல்லிக்கிட்டே போடுதிய. கொஞ்சம் சத்தமாச் சொல்லிப் போடுங்க" என்றாள்.

சொன்னேன். லாபம். ஒண்ணு. ரெண்டு. மூணு…

என் காதால் கேட்டபிறகுதான் எனக்கே தெரிந்தது. எங்கள் வீட்டில் எதை அளந்தாலும் முதல் அளவு 'லாபம்'. அதைப் போட்டுவிட்டுத்தான் ஒன்று என்று ஆரம்பிப்போம். அரிசியா, உளுந்தா, எதுவானாலும் அப்படித்தான். எண்ணுவது என்றாலே எனக்கு அதுதான், அப்படிச் சொல்கிறேன் என்ற நினைப்பே கிடையாது.

"நீ லாபம் சொல்ல மாட்டியா?"

"சொல்லாம? லாபம், ரெண்டு, மூணு. எங்க லாபம்தான் ஒண்ணு."

தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "எங்க ஐயா வாரத்துக்கு, வெளைச்சல்ல பங்குக்கு உழுதவரு டீச்சர். அறுப்பு முடிஞ்சி களத்துல நெலத்துக்காரவுக அளப்பாக. லாபம்னு ஒரு மரக்கால் அவுக பங்குல விழும். பெறவுதான் ஒண்ணுன்னு ஆரம்பிப்பாக. அது கணக்குல வராது. எங்க அம்மை தள்ளி நின்னு வெரல்ல எண்ணிக்கிட்டே நிப்பா. வாயத் தொறக்க முடியுமா? வீட்டுக்கு வந்துதான் அழுவா."

அவள் பட்டாணியைக் கிண்ணத்தில் கொட்டிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

25.1.95

பெட்டியைத் திறக்கவில்லை.

29.1.95

சேரன்மகாதேவி போயிருந்தேன். அண்ணன் கார்த்திகேசன் வீட்டில் சாப்பாடு. நிலமெல்லாம் விற்றுப் பத்து வருடம் ஆகிறது, இருந்தும் அண்ணன் பேச்சு இன்னும் வயலில்தான். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டேன்: நம்ம களத்துல அளக்கும்போது லாபம் கணக்கில் சேருமா?

"லாபம் எப்படிளா கணக்குல சேரும்? அது நமக்குள்ளதுல்லா" என்றார். கூச்சமே இல்லை. கெட்ட எண்ணமும் இல்லை. ரசம் ஊற்றச் சொன்னார்.

எத்தனை பேர் களத்தில் தள்ளி நின்று விரலில் எண்ணியிருப்பார்கள்! எங்கள் வீட்டு நெல்லைத் தின்றுதான் நான் கணக்கே படித்தேன்.

1.2.95

சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சார் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"யாருகிட்டயும் சொன்னியா?"

"இல்ல சார்."

"சொல்லாத. ஆராய்ச்சி பண்ணுதவளுக்கே எண்ணத் தெரியலன்னா குழுவுல சிரிப்பான். என்னையும் சேத்துச் சிரிப்பான். 'உதவியாளர் செய்த பிழை'ன்னு ஒரு வரி எழுது. எல்லா ஊர்லயும் நடக்குறதுதான், யாரும் கேக்க மாட்டான். அவள அனுப்பிட்டு வேற ஆளப் போட்டுக்கிடுவோம்."

அனுப்பிட்டு! சரியாகப் போட்டவளை அனுப்பிவிட்டு, தப்பாகப் போட்டவள் பட்டம் வாங்குவதா? இது என்ன நியாயம்? களத்திலேயும் அவங்க அம்மை வாயத் தொறக்கல, இங்கனயும் இவ வாயத் தொறக்கக் கூடாது, அதானே சார் — இதை அங்கேயே கேட்டுவிட்டேன். குரல் உயர்ந்துவிட்டது. வராந்தாவில் மாணவர்கள் நின்றார்கள். நிற்கட்டும்.

"புறா தப்பையே அடிக்க மாட்டேன்னு சொன்னவ நான். என் தப்ப இன்னொருத்தி பேர்ல எழுதுவேனா?"

"அப்ப ஜூன்ல ஒனக்கு நான் பேச மாட்டேன்" என்றார்.

பேச வேண்டாம்.

2.2.95

இசக்கியிடம் மன்னிப்புக் கேட்டேன். கூட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அதுக்கென்ன" என்றாள். அவள் மன்னித்ததாகத் தெரியவில்லை. மன்னிக்கத்தான் வேண்டும் என்று சட்டமா?

13.3.95

என் நாட்களை மொத்தமாகத் தள்ளிவிட்டேன், இருபத்துநான்கு நாள். மிச்சம் இசக்கி போட்ட இருபத்திரண்டு நாள். தள்ளியதை அடிக்கவில்லை, தனியாகக் கட்டிவைத்து மேலே 'என் பிழை, ஒன்று கூடுதல்' என்று எழுதியிருக்கிறேன்.

புறாக்கள் பாவம். 'குறைவு' என்று நான் போட்டது மூன்று. தடுமாறாமல் என்ன செய்யும்? நான் பொய்யாக எழுதினேன், அவை பார்த்ததைச் சொல்லின.

19.6.95

குழு கூடியது. ஐந்து பேர். சார் சொன்னபடியே வாயைத் திறக்கவில்லை, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

நானே எழுந்து பிழையைச் சொன்னேன். லாபம் பற்றிச் சொன்னபோது இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருவர், "எங்க வீட்லயும் அப்படித்தாம்மா" என்று சொல்லிவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொண்டார். நாகர்கோவிலிலிருந்து வந்திருந்த சாலமோன் என்ற பேராசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. அவர்தான் கேட்டார்.

"உங்க நாட்கள தள்ளிட்டிய, சரி. பழக்குன காலத்துலயும் ரெண்டு பேரும்தான போட்டிய? அந்தப் பறவைக ரெண்டையும் மூணையும் சேத்துல்லா 'குறைவு'ன்னு படிச்சிருக்கும்? மிச்ச நாள மட்டும் எப்படி நம்ப?"

அடி சரியாக விழுந்தது. எனக்குத் தோன்றியிருக்கவேண்டும், தோன்றவில்லை.

"நம்ப முடியாது சார். எல்லாத்தையும் விட்டுட்டு முதல்ல இருந்து செய்யுதேன். புதுப் புறா. விளக்கையும் மாத்தி."

"யாரு போடுவா?"

"இசக்கி போடுவா. நான் எழுதுவேன். தட்டு ஒவ்வொரு தடவையும் எண்ணப்படும்."

"அவங்க படிப்பு?" என்றார் இன்னொருவர்.

"அஞ்சாம் வகுப்பு. இருபதுக்கு இருபது. நான் முதுகலை. இருபதுக்கு சைபர்."

வெளியே போகச் சொன்னார்கள். முக்கால் மணி நேரம். பிப்ரவரி வரை அவகாசம், அதற்குமேல் ஒருநாள் கிடையாது என்று எழுதிக் கொடுத்தார்கள்.

20.6.95

இசக்கியிடம் கேட்டேன், திரும்பப் பட்டாணி போட வருவாயா என்று. வருவதற்கு ஒரு நிபந்தனை போட்டாள். "நான் போடும்போது நீங்க வாயத் தொறக்கக் கூடாது. உங்க லாபம் காதுல விழுந்தா என் கணக்கும் கெட்டுரும்."

ஒத்துக்கொண்டேன்.

2.7.95

அசன் முகம்மது புது ஆறைக் கொண்டுவந்தார், பழையதைக் கொண்டுபோனார். "எட்டும் பாஸா டீச்சர்?" என்றார். ஆள்தான் பெயில் என்றேன்.

11.10.95

கற்றுக்கொண்டன. சிவப்பு 'நிறைய', பச்சை 'குறைவு'. நாளையிலிருந்து காக்கவைக்கிறோம்.

சார் சொன்னதுபோல் சிவப்பின் மேல் ஆசைதான் என்று ஆகிவிட்டால்? ஆகட்டும். அப்படியானால் அப்படி எழுதுவேன். ஆனால் ஆகாது.

9.11.95

ஆறு போட்டு, பத்து விநாடி காக்கவைத்து, இதுவரை இருநூற்றுநாற்பது தடவை. நூற்றெழுபத்தொன்றில் பச்சை. குறைவு, குறைவு, குறைவு. சிவப்பும் இல்லை, பிடித்தமும் இல்லை. சுருங்கத்தான் செய்கிறது!

சத்தமாகக் கத்தப் பார்த்தேன். இசக்கி விரலை உதட்டில் வைத்தாள். இன்னும் பதினோரு தடவை பாக்கி.

19.1.96

சார் இன்று அவராகவே ஆய்வறைக்கு வந்தார். முக்காலியில் உட்கார்ந்து பதினைந்து தடவை பார்த்தார். ஒவ்வொரு தடவையும் தட்டைத் தானே வாங்கி எண்ணினார். கடைசியில், "மே மாசம் நான் ஓய்வு பெறுதேன். அதுக்கு முன்னால தட்டச்சு பண்ணிக் கொண்டா" என்றார்.

போகும்போது தட்டை இசக்கியின் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

20.2.96

சார் கையெழுத்துப் போட்டார். தேதி போடவில்லை. வராந்தா வரை துரத்திப்போய்ப் போடவைத்தேன்.

தட்டச்சு செய்த பிரதியை இசக்கியிடம் காட்டினேன். ஆங்கிலம், அவளுக்குப் படிக்க வராது. இருபத்தாறாம் பக்கத்தைத் திருப்பி, பட்டாணி போட்டவர் யார் என்று இங்கே எழுதியிருக்கிறது, இது உன் பேர் என்றேன்.

மகிழ்ச்சி வரும் என்று எதிர்பார்த்தேன். முகம் கறுத்துவிட்டது.

"என் பேரு எதுக்கு டீச்சர்? நாளைக்கு எதும் தப்புன்னு வந்தா எவ போட்டான்னு தேடி வரதுக்கா?"

அவளுக்கு அப்படித்தான் தோன்றும். இதுவரை அவள் பேர் தாளில் ஏறியது வேறு எதற்காக? நான் அதே பக்கத்தில் நாலு வரி மேலே விரலை வைத்தேன். முதல் வருடப் பதிவுகள் தள்ளப்பட்டன, எண்ணிக்கையில் பிழை செய்தவர் இன்னார் என்று ஒவ்வொரு சொல்லாக அர்த்தம் சொன்னேன்.

"இது யாரு பேரு?"

"என் பேரு."

என் முகத்தைப் பார்த்தாள். தாளைப் பார்த்தாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, எழுத்தை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனாள், முதலில் என் பேர், பிறகு அவள் பேர்.

"இத வெளியூர்க்காரவுக படிப்பாகளா?"

"படிப்பாங்க."

"அப்ப கெடக்கட்டும்" என்றாள். கொஞ்சம் கழித்து, "எங்க அம்மைட்ட ஒரு தடவ காட்டிட்டுத் தாரேன்" என்று அந்தப் பக்கத்தை மட்டும் கேட்டாள்.

பிரதியைப் பிரித்து, இருபத்தாறாம் பக்கத்தை எடுத்துக் கொடுத்தேன். பல்கலைக்கழகத்துக்கு நாளை மறுநாள் அனுப்பினால் போதும்.